மாதிரி டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் கலப்பதும் எண்ணெய் தேர்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் மாதிரி விமானமும் படகும் ஓட்டும் இளைஞர்கள், பழைய எஞ்சின்களைத் தேடிச் சேர்ப்பவர்கள், லேத் பட்டறையில் ஓய்வு நேரத்தில் தாங்களே ஒரு சிறு எஞ்சினைக் கடைந்து பார்ப்பவர்கள் ஆகிய மூவகையினரும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை இங்கே தொகுத்திருக்கிறேன். ஈதரைத் தொடுவதற்கு முன்பு, ஈதரையும் வெயிலையும் பற்றிய விடைகளை மட்டுமாவது முழுவதும் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டீசல் எஞ்சின் என்றுதானே சொல்கிறீர்கள், பங்க்கில் டீசல் வாங்கி ஊற்றினால் ஓடாதா?

ஓடாது. லாரியிலும் டிராக்டரிலும் காற்று மட்டுமே முதலில் அழுத்தப்பட்டு, அது நன்கு சூடேறிய பின்பு இன்ஜெக்டர் வழியாக டீசல் பீய்ச்சப்படுகிறது. மாதிரி எஞ்சினில் இன்ஜெக்டர் கிடையாது. எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வு வழியாக அது காற்றோடு கலந்தே உள்ளே போய், அந்தக் கலவையே அழுத்தப்பட்டுத் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஒன்றிரண்டு சி.சி. கொள்ளளவே உள்ள சிலிண்டரில் அழுத்தத்தால் பிறக்கும் வெப்பம் சுவர்களின் வழியே விரைவாக வெளியேறிவிடுவதால், மண்ணெண்ணெயோ டீசலோ தனியாகப் பற்றும் அளவுக்குச் சூடு எட்டுவதில்லை.

இந்த இடத்தில்தான் ஈதர் வருகிறது. மண்ணெண்ணெய் தானாகப் பற்ற 200 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும். டை எத்தில் ஈதருக்கு 160 முதல் 180 பாகையே போதும். ஈதர் முதலில் பற்றி மண்ணெண்ணெயையும் பற்றவைக்கிறது. 1940-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்த முதல் மாதிரி டீசல்களும், 1946-இல் இங்கிலாந்தில் வந்து புகழ்பெற்ற 1.3 சி.சி. மில்ஸ் எஞ்சினும், இன்று நம் கைக்கு வரும் எஞ்சின்களும் இதே முறையில்தான் ஓடுகின்றன.

குளோ எஞ்சினுக்கு வாங்கிய எரிபொருள் அரை கேன் மிச்சம் இருக்கு, அதையே ஊத்தலாமா சார்?

கூடாது. அது மெத்தனாலை அடிப்படையாகக் கொண்டது. குளோ பிளக்கின் சூடான கம்பியை நம்பிப் பற்றுவது. டீசல் எஞ்சினில் அது பற்றாது. இரண்டையும் கலந்து பார்ப்பதிலும் பயனில்லை.

என்னென்ன வாங்கணும், எது எவ்வளவு?

மூன்று பொருள்கள் இன்றியமையாதவை: ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய். நான்காவதாக ஒரு நைட்ரேட் கூட்டுப்பொருள் சிறிதளவு சேரும், அது கட்டாயமில்லை. புதிய எஞ்சினைப் பழக்கும் காலத்திலும், பித்தளை அல்லது வெண்கலப் புஷ் (கிராங்க் ஷாஃப்ட் உள்ளே சுழலும் உலோகக் குழல்) உள்ள பழைய எஞ்சின்களுக்கும், மூன்றையும் சமபங்காகக் கலக்கும் பழைய முறையே இன்றும் நம்பத்தக்கது.

எஞ்சின் பழகிய பின், அரை லிட்டருக்கு விளக்கெண்ணெய் 125 மில்லி, ஈதர் 165 மில்லி, மண்ணெண்ணெய் 200 மில்லி, நைட்ரேட் 10 மில்லி என்ற கணக்கு பெரும்பாலான எஞ்சின்களுக்குப் பொருந்தும். எஞ்சினோடு வந்த குறிப்புத்தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். எல்லா அளவுகளும் கொள்ளளவின்படியே, எடையின்படி அல்ல. ஈதர் மற்ற இரண்டையும்விட எடை குறைந்தது என்பதால், தராசில் நிறுத்துக் கலப்பவர்களுக்கு விகிதம் மாறிவிடும். ஆய்வகக் கண்ணாடி அளவுக் குடுவை ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சமையலறை டம்ளர் ஒருநாளும் வேண்டாம்.

ஈதர் கூடினால் வலு கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை நேர்மாறானது. வலுவைத் தருவது மண்ணெண்ணெய். ஈதரின் எரிவெப்பம் அதைவிடக் குறைவு. எளிதாகத் தொடங்கவும் ஒழுங்காகப் பற்றவும் எவ்வளவு தேவையோ அவ்வளவு ஈதரே போதுமானது.

எப்படி ஊத்தினாலும் கலங்கிப்போய் அடியில எண்ணெய் தங்குதே, ஏன்?

மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் அறைவெப்பத்தில் ஒன்றோடொன்று கரைவதில்லை. ஈதர் இரண்டையும் கரைக்கும். ஆகவே முதலில் விளக்கெண்ணெயை ஊற்றி, அதில் ஈதரைச் சேர்த்து மூடி, மெதுவாகச் சுழற்றித் தெளிந்த கரைசலாக்கிய பிறகே மண்ணெண்ணெயைச் சேர்க்க வேண்டும். நைட்ரேட் இறுதியில். இந்த வரிசையில் செய்தால் பொன்னிறத்தில் தெளிவான கலவை கிடைக்கும்.

தெளிவாகக் கலந்து வைத்தது சில நாட்களில் கலங்கினால், மூடி சரியாக இல்லாமல் ஈதர் ஆவியாகியிருக்கிறது அல்லது எண்ணெயில் ஈரம் இருந்திருக்கிறது என்று பொருள். அதை எஞ்சினில் ஊற்ற வேண்டாம். நன்கு கலங்கிய கலவையில் மேற்பகுதி எண்ணெய் குறைந்ததாகவும் அடிப்பகுதி எண்ணெயாகவும் இருக்கும். டேங்க்கில் முதலில் போவது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்ம பக்கமே ஆமணக்கு விளையுது. பாட்டி காய்ச்சின விளக்கெண்ணெய் சுத்தமானதுதானே, அது ஆகாதா?

தருமபுரியும் சேலமும் ஆமணக்குக்கு நெடுங்காலமாகப் பேர்பெற்ற மானாவாரி நிலங்கள். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் வீட்டில் எடுக்கும் எண்ணெய், விதையை வறுத்து இடித்து நீரில் கொதிக்கவைத்து மேலே மிதப்பதை வழித்தெடுக்கும் முறையில் வருவது. குடிப்பதற்கும் தலைக்கும் அது நல்லதாக இருக்கலாம். அதில் எஞ்சியிருக்கும் நீரும் நுண்துகளும்தான் எஞ்சினுக்கு ஆகாதவை. நீர் கலவையைக் கலங்கவைக்கும், எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். துகள் ஊசி வால்வின் மயிரிழைத் துளையை அடைக்கும். செக்கில் ஆட்டிய எண்ணெயிலும் பசைப்பொருள் நீக்கப்பட்டிருக்காது.

மருந்துக்கடையில் பி.பி. தரம் (மருந்துக்கான தரம்) என்று அச்சிட்டு விற்கும் சுத்திகரித்த விளக்கெண்ணெயோ, ஆய்வகப் பொருள் கடையில் கிடைக்கும் அதே தர எண்ணெயோ போதும். நிறமற்றதாகவோ வெளிர்மஞ்சளாகவோ, கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும். மணம் சேர்த்த எண்ணெய் வேண்டாம். பூஜைப் பொருள் கடையின் தீப எண்ணெயை ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது இலுப்பை, வேம்பு, நல்லெண்ணெய் முதலிய பல எண்ணெய்களின் கலவையாக இருக்கும். அவற்றில் எதற்கும் விளக்கெண்ணெயின் குணம் கிடையாது.

மாந்தோப்பு பவர் ஸ்பிரேயருக்கு ஊத்துற டூடி ஆயில் இருக்கு. அதைப் போட்டா போதாதா அண்ணா?

கிருஷ்ணகிரியில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. வீட்டுக்கு வீடு ஸ்பிரேயர் இருக்கும்போது இந்த எண்ணம் வருவது இயல்பும்கூட. ஸ்பிரேயரில் பெட்ரோலுக்கு 2 முதல் 4 விழுக்காடு எண்ணெயே சேர்கிறது. அதன் கிராங்க் ஷாஃப்ட் உருளைத் தாங்கிகளில் சுழல்கிறது. பிஸ்டனில் வளையம் இருக்கிறது. டூடி ஆயில் அந்த ஏற்பாட்டுக்கு ஏற்ப, குறைந்த அளவில் புகையின்றி எரிந்துபோகும்படி மெலிதாகத் தயாரிக்கப்படுவது. மாதிரி டீசலில் பெரும்பாலும் வளையமே கிடையாது. வார்ப்பிரும்புப் பிஸ்டன் எஃகுச் சிலிண்டருக்குள் மிக நெருக்கமாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். அந்த மெல்லிய இடைவெளியை அடைத்து அழுத்தத்தைக் காப்பாற்றுவதும் எண்ணெய்ப் படலத்தின் வேலைதான். அழுத்தம் கசிந்தால் பற்றவைப்பே நடக்காது.

விளக்கெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருக்கும் ரிசினோலிக் அமிலக் கூறு உலோகப் பரப்பை விடாமல் பற்றிக்கொள்கிறது. மிகுந்த சூட்டில் கனிம எண்ணெய் பின்வாங்கும் இடத்திலும் இதன் படலம் நிற்கிறது. கார் எஞ்சினின் மல்டிகிரேடு எண்ணெயும் இதற்கு ஈடாகாது. அதில் சேர்க்கப்படும் கழுவுபொருள்களும் தடிப்பை நிலைநிறுத்தும் பொருள்களும் எரிந்து படிவாகத் தங்கும். பழைய எஞ்சின்கள் சிலவற்றின் குறிப்புத்தாளில் எஸ்.ஏ.இ. 50 (எண்ணெயின் தடிப்பைக் குறிக்கும் எண்) போன்ற தனித்தரக் கனிம எண்ணெய் குறிப்பிடப்பட்டிருந்தால், கூட்டுப்பொருளற்ற அத்தகைய எண்ணெயை அந்த எஞ்சினுக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

குளோ எரிபொருளுக்கான சிந்தெட்டிக் எண்ணெய் தனியாக் கிடைக்குது. அதுல பாதி, விளக்கெண்ணெய் பாதி போடலாமா?

மெத்தனாலுக்கென்று தயாராகும் சிந்தெட்டிக் எண்ணெய்களில் பெரும்பகுதி பாலிகிளைக்கால் வகை. அவை மண்ணெண்ணெயில் கரையா. எனவே முன்பு சொன்ன கலங்கல் கதைதான் மீண்டும் நிகழும். டீசல் கலவைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருந்தாலன்றி வாங்க வேண்டாம்.

எண்ணெயைக் குறைச்சா வேகம் ஏறும்னு சொல்றாங்களே, 15 விழுக்காடு போட்டால் என்ன?

வேகம் சிறிது ஏறும் என்பது பொய்யல்ல. எண்ணெய் விட்ட இடத்தை மண்ணெண்ணெய் நிரப்புகிறது. ஆனால் எஞ்சின் அதற்குக் கொடுக்கும் விலை மிகப் பெரியது. நம்மிடம் வரும் எஞ்சின்களில் பல இனி உற்பத்தியே ஆகாதவை. பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்த்துளை தேய்ந்து ஒருமுறை நீள்வட்டமாகிவிட்டால், ஓசூரில் எத்தனை நல்ல லேத் கைவினைஞர் இருந்தாலும், பழைய பொருத்தத்தை மீட்பது கடினம்.

என் உறுதியான கருத்து இது: புஷ் உள்ள எஞ்சினுக்கு 25 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது, பால் பேரிங் உள்ள புதிய எஞ்சினுக்கு 20 விழுக்காடு எல்லை. கோடையில் அந்த எல்லைக்கும் சற்று மேலேயே நிறுத்துங்கள். மற்ற எந்தப் பொருளில் சிக்கனம் பார்த்தாலும் எண்ணெயில் பார்க்க வேண்டாம். ஒரு லிட்டர் விளக்கெண்ணெயின் விலை ஒரு பிஸ்டனின் விலைக்கு அருகில்கூட வராது.

ரேஷன் மண்ணெண்ணெய் போதுமா?

நீலச் சாயம் கலந்த பொதுவிநியோக மண்ணெண்ணெய் சமைக்கவும் விளக்கெரிக்கவும் மட்டுமே வழங்கப்படுவது; வேறு பயனுக்கு எடுப்பது சட்டப்படி தவறு, அதை நம்பியிருக்கும் வீட்டுக்கும் அநீதி. வெளிச்சந்தையில் விற்கும் சாயமற்ற வெள்ளை மண்ணெண்ணெயை வாங்குங்கள். கிடைக்காத நாளில் அதற்குப் பதிலாகப் பங்க் டீசலை அதே அளவு சேர்க்கலாம்; புகையும் கரியும் வாடையும் கூடும், ஓடுவதில் குறை இருக்காது. முதல் கேள்வியில் டீசல் ஆகாது என்றது அதைத் தனியாக ஊற்றுவதைப் பற்றி. எதை ஊற்றினாலும் மெல்லிய வடிகட்டித் தாளில் வடித்தே ஊற்றுங்கள். பெட்ரோலை மட்டும் சேர்க்கவே கூடாது. அது தானாகப் பற்றுவதை எதிர்க்கும்படியே தயாரிக்கப்பட்டது.

ஈதர் எங்கே வாங்குவது? ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயில் ஈதர் இருக்கிறதே, அது போதாதா?

உரிமம் பெற்ற ஆய்வக வேதிப்பொருள் கடைகளில், ஆய்வகத் தர டை எத்தில் ஈதர் என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள். யாருக்கு, எதற்கு என்று கடைக்காரர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்பது முறையே. பெட்ரோலியம் ஈதர் என்று ஒரு புட்டி பக்கத்திலேயே இருக்கும். அது வேறு பொருள், பெட்ரோலைச் சேர்ந்தது, நமக்கு உதவாது. பேருந்திலும் இரயிலிலும் ஈதரைக் கொண்டுவரக் கூடாது.

குளிரில் எஞ்சினைத் தூண்டும் ஸ்பிரேக்களில் ஈதரின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. மீதி பெரும்பாலும் ஹெப்டேன் போன்ற கரைப்பான்களும் உந்துவாயுவும். அளவு தெரியாத பொருளை வைத்து அளவான கலவை செய்ய முடியாது. அதைவிட, உந்துவாயு நிறைந்த டப்பாவிலிருந்து புட்டிக்குள் பீய்ச்சிச் சேகரிப்பது மிக ஆபத்தான வேலை.

தருமபுரி வெயிலில் கலந்தால் ஏதாவது ஆகுமா?

ஆகும், இதுவே இந்தப் பக்கத்தின் முதன்மையான விடை. ஈதரின் கொதிநிலை 34.6 பாகை. சித்திரை, வைகாசியில் தருமபுரியின் பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். அதாவது நிழலில் வைத்த ஈதர்ப் புட்டியே கொதிநிலையில் இருக்கிறது. மூடியைத் திறந்தவுடன் சீறி வெளியேறும். மூடியே வைத்தால் உள்ளழுத்தம் ஏறும். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாததற்குக் காரணம், அங்கே இந்த வெப்பம் அரிது என்பதுதான். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சற்றுத் தணிவு. ஆனாலும் நண்பகலில் அங்கும் எச்சரிக்கை வேண்டும்.

ஆகவே, கோடையில் விடியற்காலையில், பொழுது ஏறுவதற்கு முன்பு, திறந்த வெளியில், காற்று உலாவும் நிழலில் மட்டும் கலக்க வேண்டும். ஈதரின் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பல அடி தள்ளியிருக்கும் அடுப்பையோ சுவிட்சையோ தேடிப்போய்ப் பற்றி, அதே வழியில் திரும்பி வரும். மைனஸ் 45 பாகையிலேயே பற்றக்கூடிய ஆவி அது. எனவே விளக்கு, அடுப்பு, பீடி, மோட்டார் எதுவும் அருகில் இருக்கலாகாது. நைலான் சட்டை நிலைமின்பொறி எழுப்பும் என்பதால் பருத்தி உடுத்துங்கள். தீயணைக்கும் உலர்தூள் கருவியைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் கலவை மிதந்து பரவும். தலை கனத்தாலோ தூக்கம் வந்தாலோ உடனே எழுந்து விலகுங்கள். ஒரு காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்த பொருள் இதுவே. பள்ளி மாணவர்கள் எஞ்சின் ஓட்டலாம், ஊசி வால்வைப் பழகலாம். கலக்கும் வேலை பெரியவர்களுடையது.

அப்படியானால் பிரிட்ஜில் வைத்துக் குளிரவிட்டுக் கலக்கலாமே?

வீட்டுப் பிரிட்ஜில் வைக்கவே கூடாது. கசிந்த ஆவி மூடிய பெட்டிக்குள் சேரும். உள்ளே இருக்கும் வெப்பக்கட்டுப்பாட்டுச் சுவிட்சோ கதவு விளக்கின் சுவிட்சோ பொறி எழுப்பினால் வெடிக்கும். ஐஸ்கட்டி போட்ட ஒரு பக்கெட்டில், மூடி இறுகிய புட்டியைக் கழுத்து வரை சிறிது நேரம் நிறுத்தி, வெளிப்புறத்தை நன்கு துடைத்துவிட்டுத் திறந்தால் போதும். துடைக்காவிட்டால் நீர்த்துளி உள்ளே இறங்கும்.

சேமிப்புக்கு, திருகுமூடி உள்ள உலோக டின் அல்லது பழுப்புக் கண்ணாடிப் புட்டி ஏற்றது. குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றுவது இருவகையில் கேடு: மூடி ஈதர் ஆவியைத் தாங்காது, தாகத்தில் யாராவது எடுத்துக் குடிக்கவும் கூடும். பெயரும் கலந்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலப்பதே நம் ஊருக்கு ஏற்ற அளவு.

நைட்ரேட் என்று ஒன்று சொன்னீர்களே, அது எதற்கு? கூடப் போட்டால் நல்லதா?

அதிவேகத்தில் கலவை பற்றுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஐசோபுரோபைல் நைட்ரேட், அமைல் நைட்ரேட், 2-எத்தில்ஹெக்சில் நைட்ரேட் ஆகியவற்றில் ஒன்று சிறிதளவு இருந்தால் பற்றும் தாமதம் குறைந்து ஓட்டம் சீராகும். கடைசியாகச் சொன்னது லாரி டீசலின் சீட்டேன் எண்ணை (எவ்வளவு எளிதில் பற்றும் என்பதன் அளவு) உயர்த்தவும் பயன்படுவது. மூன்றில் கையாள எளிது. அமைல் நைட்ரைட் என்பது முற்றிலும் வேறான மருந்துப் பொருள், பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஒன்றரை முதல் 2 விழுக்காடு போதும். அதற்கு மேல் போனால், பிஸ்டன் மேலே ஏறி முடிவதற்கு முன்பே கலவை பற்றி, சம்மட்டி அடிப்பதுபோல் கனெக்டிங் ராடைத் தாக்கும், எஞ்சின் சூடேறும். மெதுவாக ஓடும் பழைய எஞ்சின்களுக்கு இது தேவையே இல்லை. தோலில் படவிடாதீர்கள், கடுமையான தலைவலி தரும்.

எரிபொருளுக்குச் சிலிக்கான் டியூப் போட்டேன், இரண்டே நாளில் ஊதிப்போச்சு.

சிலிக்கான் மெத்தனாலுக்கு ஏற்றது. மண்ணெண்ணெயும் ஈதரும் அதை ஊதவைக்கும். நியோப்ரீன் அல்லது நைட்ரைல் டியூப் வாங்குங்கள். சாதாரண பி.வி.சி. டியூப் சில நாளில் விறைத்து விரிசல் விடும். டேங்க்கைத் தகரத்தில் ஈயம் பற்றவைத்துச் செய்வது இன்றும் சிறந்தது.

ஓடும்போது தடுமாறுது. கோளாறு எரிபொருள்லயா, திருகுலயான்னு எப்படித் தெரியும்?

கம்ப்ரஷன் திருகு, சிலிண்டரின் உச்சியில் இருக்கும் எதிர்ப் பிஸ்டனை இறக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் குறைவாக இருந்தால் எஞ்சின் விட்டுவிட்டு வெடிக்கும். மிகுந்தால் ஓசை கனத்து, சூடேறி, வேகம் தளரும், கழிவெண்ணெய் கறுக்கும். கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஊசி வால்வையும் சரிபார்க்க வேண்டும். நேற்று நன்றாக ஓடிய அதே அமைப்பில் இன்று தொடங்க மறுத்து, திருகை மேலும் மேலும் இறக்கச் சொன்னால், சந்தேகிக்க வேண்டியது எரிபொருளை, ஈதர் ஆவியாகிவிட்டது. வெயிலில் திறந்து மூடிய டின்னில் இது ஒரே பிற்பகலில் நடக்கும். கையோடு வைத்திருக்கும் புதுக் கலவையை ஊற்றிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். பழைய கலவையில் ஊகமாக ஈதர் ஊற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம். இப்போது அதில் என்ன விகிதம் இருக்கிறது என்பதே தெரியாது.

மார்கழி விடியலில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓட்டுபவர்களுக்கு நிலைமை நேர்மாறு. விளக்கெண்ணெய் தடித்து எஞ்சின் கனமாகச் சுழலும். அப்போது ஈதரை 3 விழுக்காடு கூட்டி மண்ணெண்ணெயை அதே அளவு குறைத்துக் கலக்கலாம். எண்ணெயில் கை வைக்கக் கூடாது.

புரொப்பெல்லர் ஒரு நிலையில் கெட்டியாக நின்றுவிட்டால் வலுக்கட்டாயமாகச் சுழற்றாதீர்கள். எரிபொருள் மிகுந்து சிலிண்டரில் நிரம்பியிருக்கலாம். திரவம் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். திருகைத் தளர்த்தி, எஞ்சினைக் கவிழ்த்து வடியவிடுங்கள். இதனால்தான் டீசலுக்கு மின்ஸ்டார்ட்டர் வேண்டாம் என்கிறோம்.

மாமா வைத்திருந்த பழைய எஞ்சின் இறுகிக் கிடக்கிறது, அசையவே இல்லை. உடைத்துத்தான் திறக்கணுமா?

தேவையில்லை. பெரும்பாலும் அது துரு அல்ல. காய்ந்த விளக்கெண்ணெய் அரக்காக இறுகியது. எரிபொருள் ஈரம் துளியும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தலைமுடி உலர்த்தும் கருவியால் மெதுவாகச் சூடேற்றினால் இளகும். கையால் இதமாக அசைத்துப் பார்த்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடலாம். குறடு கொண்டு கிராங்க் ஷாஃப்டைத் திருகுவதே இத்தகைய எஞ்சின்கள் அழிவதற்கு முதற்காரணம். இனி இறுகாமலிருக்க, ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்குப் பிறகும் மிச்ச எரிபொருளை வடித்து, மெல்லிய இயந்திர எண்ணெய் சில துளி விட்டுச் சுழற்றி, துணியில் சுற்றி வையுங்கள்.

அதே பெட்டியில் பாதி ஈதர் உள்ள பழைய புட்டியும் இருக்கு. அதைக் கலக்கலாமா?

கூடாது, அதைத் திறக்கவும் வேண்டாம். காற்றும் ஒளியும் பட்ட ஈதரில் நாளாவட்டத்தில் பெராக்சைடுகள் உருவாகின்றன. அவை ஈதரைப்போல ஆவியாகாமல் அடியிலும் மூடியின் திருகிலும் சேர்ந்து, உராய்வுக்கே வெடிக்கக்கூடியவை. வாங்கும்போது பெராக்சைடு உருவாவதைத் தடுக்கும் பி.எச்.டி. (BHT) போன்ற பொருள் சேர்த்ததாகப் பார்த்து வாங்குவதும், திறந்த தேதியை எழுதுவதும், திறந்ததைச் சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுவதும் இதற்காகவே.

நீங்களே அண்மையில் திறந்த புட்டியில் ஐயம் இருந்தால், பெராக்சைடு சோதனைத் தாளில் ஒரு துளி விட்டுப் பார்க்கலாம். தாள் நிறம் மாறினால் பயன்படுத்தக் கூடாது. வயது தெரியாத புட்டி என்றால், குறிப்பாக மூடியைச் சுற்றியோ அடியிலோ படிகம்போல் எதுவும் தெரிந்தால், சோதனையும் வேண்டாம். புட்டியை நகர்த்தாமல், குலுக்காமல், வெயில் படாமல் விட்டு, அறையைப் பூட்டி, தீயணைப்புத் துறைக்கு 101-இல் சொல்லுங்கள். சாக்கடையில் ஊற்றுவதும், காட்டோரத்தில் வீசுவதும், கொளுத்திப் பார்ப்பதும் வேறு ஒருவரின் உயிருக்கு ஆபத்தாக முடியும்.